விரிசலுக்குத்தான் விலை: ஆப்பிரிக்க வாக்ஸ் துணியின் கதை

கானாவின் தலைநகர் ஆக்ராவில் இருக்கும் மக்கோலா சந்தை துணிக்குப் பேர்போனது. அங்கே துணி எடுக்க வரும் விவரமான பெண்கள் டிசைனையும் நிறத்தையும் பார்த்ததோடு விடமாட்டார்கள். துணியைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தைப் பார்ப்பார்கள். முன்பக்கத்தில் இருக்கும் அதே அழுத்தமான நிறம் பின்பக்கத்திலும் இருக்க வேண்டும். அப்புறம், நிறங்களுக்கு நடுவே தாறுமாறாக ஓடும் மெல்லிய நீலக் கோடுகளைக் கவனிப்பார்கள். ஓரிடத்தில் ஓடிய கோடு அப்படியே இன்னோர் இடத்தில் ஓடக்கூடாது. இரண்டும் சரியாக இருந்தால்தான் அது அசல் வாக்ஸ், அதாவது மெழுகு முறையில் செய்த துணி.

மேற்கு ஆப்பிரிக்காவில் கல்யாணம், குழந்தைக்குப் பெயர் வைக்கும் விழா, ஞாயிற்றுக்கிழமை ஆலயம், சாவு வீடு என்று எங்கே போனாலும் இந்தத் துணி கண்ணில் படும். வெளியுலகுக்கு ‘ஆப்பிரிக்கத் துணி’ என்றாலே இதுதான். ஆனால் இதன் நுட்பம் ஜாவாவில் பிறந்தது. இயந்திரம் நெதர்லாந்தில் உருவானது. கப்பலில் கொண்டுவந்து விற்றவர்களில் ஸ்காட்லாந்துக்காரர்களும் சுவிஸ்காரர்களும் உண்டு. அப்படியானால் இதில் ஆப்பிரிக்கா எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்த நீலக் கோடுகளில் இருக்கிறது என்பது என் பதில். அந்தக் கோடு ஐரோப்பிய இயந்திரம் செய்த பிழை. அந்தப் பிழையை விரும்பி, அதற்கு நல்ல விலை கொடுத்து, நூறு வருடத்துக்கும் மேலாக ஆலைகள் அதை விடாமல் செய்யும்படி வைத்தவர்கள் மேற்கு ஆப்பிரிக்கப் பெண்கள்.

பிழை எப்படி வந்தது என்பதைப் புரிந்துகொள்ள ஜாவாவின் பத்திக்கிலிருந்து, அதாவது மெழுகால் மறைத்துச் சாயமேற்றும் கலையிலிருந்து, தொடங்க வேண்டும். பருத்தி நூல் தண்ணீரை நன்றாக உறிஞ்சும்; நீரில் கரைந்த சாயமும் அந்த நீரோடு சேர்ந்தே நூலுக்குள் போகிறது. மெழுகு நீரை ஒட்டவிடாது. ஆகவே மெழுகு பூசிய இடத்தில் சாயம் ஏறாது. சாயம் காய்ந்தபின் மெழுகை எடுத்துவிட்டால் அந்த இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும். பத்திக் கலை முழுவதும் இந்த ஒரே விஷயத்தின்மேல் நிற்கிறது. மூக்கு வைத்த சின்னச் செம்புக் கிண்ணத்தில் உருகிய மெழுகை எடுத்து, அதைப் பேனாவைப் போலப் பிடித்துக்கொண்டு, ஜாவாப் பெண்கள் துணியில் கோடு கோடாக வரைவார்கள். முன்பக்கம் முடிந்ததும் அதே கோட்டைப் பின்பக்கத்திலும் வரைய வேண்டும். இல்லையென்றால் சாயம் பின்வழியாக ஏறிவிடும். நுணுக்கமான துணி ஒன்றுக்கு மாதக்கணக்கில் வேலை இருக்கும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். கொதிக்கிற சாயத்தில் துணியை முக்கினால் வரைந்ததெல்லாம் போய்விடும். எனவே சூடில்லாத தொட்டியிலேயே பிடிக்கும் சாயம் வேண்டும். அவுரியிலிருந்து வரும் நீலம் இதற்குப் பொருத்தமாக அமைந்தது. அந்த நீலம் செயல்படும் முறை வேதியியலில் எனக்கு மிகவும் பிடித்த விஷயங்களில் ஒன்று. அவுரி நீலம் தண்ணீரில் கரையாது. கரையாத பொருள் நூலுக்குள் போகாது. அதனால் முதலில் காரம் கலந்த தொட்டியில் அதை ஒடுக்க வேண்டும், அதாவது அதன் மூலக்கூறுக்கு எலெக்ட்ரான்களை ஏற்றிக் கொடுக்க வேண்டும். பழைய தொட்டிகளில் இந்த வேலையைச் செய்தவை நொதிக்கும் பாக்டீரியாக்கள். ஒடுக்கிய நீலம் தன் நிறத்தை இழந்து மஞ்சள் கலந்த பச்சையாக மாறி, கார நீரில் கரைந்துவிடும். அந்த நிலையில் துணியை முக்கி எடுத்தால், வெளியே வரும்போது துணி பச்சையாகத்தான் இருக்கும். காற்று பட்டதும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நீலமாக மாறத் தொடங்கும். காற்றிலுள்ள ஆக்ஸிஜன் மூலக்கூறைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது. மறுபடியும் கரையாத பொருளாகிவிட்ட நீலம் நூலுக்குள்ளேயே அடைபட்டுப் போகிறது. ஒருமுறை முக்கினால் வெளிர்நீலம்தான் கிடைக்கும்; கருநீலம் வேண்டுமென்றால் முக்கி, காற்றாட விட்டு, மறுபடி முக்க வேண்டும்.

19-ஆம் நூற்றாண்டில் ஜாவா டச்சுக்காரர்களின் பிடியில் இருந்தது. கையால் மாதக்கணக்கில் செய்வதை இயந்திரத்தில் சீக்கிரமாகச் செய்து, அதை ஜாவாக்காரர்களுக்கே விற்றுக் காசாக்கலாம் என்று ஐரோப்பிய ஆலைக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். 1850-களில் நெதர்லாந்தின் ஹார்லெம் நகரில் ஆலை வைத்திருந்த பிரெவினேர் என்பவர் அதற்கு வழி கண்டார். துணியின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் அச்சிடும் இயந்திரம் அது. அதற்கு ‘லா ஜாவனேஸ்’ என்று பெயர். ஆனால் தேன்மெழுகுக்குப் பதிலாக அவர் மரப்பிசினைப் பயன்படுத்தினார். பைன் மரத்தின் பாலிலிருந்து டர்பன்டைனை வடித்தெடுத்தபின் மிஞ்சும், தேன் நிறக் கட்டியான பிசின் அது.

அந்த மாற்றத்தில்தான் விஷயம் இருக்கிறது. தேன்மெழுகு ஓரளவு வளைந்து கொடுக்கும். துணி மடங்கினால் அதுவும் சேர்ந்து மடங்கும். இந்தப் பிசின் அப்படியில்லை. இதன் மூலக்கூறுகள் படிகமாக ஒழுங்காக அடுக்கப்படாமல், கண்ணாடியில் இருப்பதுபோல் தாறுமாறாக உறைந்து நிற்கின்றன. சூட்டில் இளகும், ஆறினால் கெட்டியாகி, சின்ன அழுத்தத்துக்கே உடைந்துவிடும். பிசின் பூசிய துணி உருளைகளில் ஏறி இறங்கும்போதும் தொட்டிக்குள் மடங்கும்போதும் பிசின் படலத்தில் விரிசல் விழுகிறது. விரிசல் எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் நுண்துளை ஈர்ப்பால் சாயநீர் அதற்குள் ஏறிவிடும். பிசினை எடுத்தபின் பார்த்தால், வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் நீலக் கோடுகள்.

ஜாவாவில் இதை ரசிக்கவில்லை. கையால் வரைந்த நல்ல பத்திக்கில் மெழுகு உடைந்து சாயம் கசிந்தால் அது கவனமில்லாத வேலை. அதோடு, செம்பு அச்சுக்கட்டையால் மெழுகை ஒற்றியெடுக்கும் முறை அப்போது ஜாவாவிலேயே பரவி, உள்ளூர்த் துணியின் விலையும் இறங்கிவிட்டது. டச்சு ஆலைகளின் துணிக்கு அங்கே மவுசு குறைந்தது.

பிறகு சந்தை ஆப்பிரிக்காவின் பக்கம் திரும்பியது. அது ஏன் என்பதற்கு அடிக்கடி சொல்லப்படும் ஒரு கதை உண்டு. 1831 முதல் 1872 வரை டச்சுக்காரர்கள் இன்றைய கானாவிலுள்ள எல்மினா கோட்டை வழியாக ஏறத்தாழ 3000 ஆப்பிரிக்கர்களைச் சிப்பாய்களாகச் சேர்த்து ஜாவாவுக்கு அனுப்பினார்கள். அவர்களில் ஊர் திரும்பியவர்கள் பத்திக் துணிகளைப் பரிசாகக் கொண்டுவந்ததால் அங்கே ஆசை முளைத்தது என்பார்கள். எல்மினாவில் இன்றும் ஜாவா ஹில் என்று ஓர் இடம் இருக்கிறது. கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இதை மட்டும் வைத்து எல்லாவற்றையும் விளக்க முடியாது என்று நினைக்கிறேன். டச்சுக்காரர்கள் 1872-இல் எல்மினாவை பிரிட்டனிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்தப் பகுதியில் வாக்ஸ் சூடுபிடித்தது 1890-களில், எபனேசர் பிரவுன் ஃப்ளெமிங் என்ற ஸ்காட்லாந்து வணிகர் ஹார்லெம் ஆலைத் துணியைக் கொண்டுவந்து விற்றபோது. நடுவில் இருபது வருட இடைவெளி இருக்கிறது.

இதைவிட வலுவான காரணம் வாங்குபவர்களின் கண்ணிலேயே இருந்தது. மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அவுரி நீலம் புதிதல்ல. இன்றைய நைஜீரியாவின் கானோ நகரில் நிலத்தில் தோண்டிய சாயக்குழிகள் பல நூற்றாண்டுகளாக இருக்கின்றன. யொரூபாப் பெண்கள் துணியை இறுகக் கட்டியும் தைத்தும் நீலத் தொட்டியில் முக்கி எடுத்து, சாயம் ஏறாத இடங்களால் உருவம் வரவழைக்கும் ஆடிரே வேலையில் கைதேர்ந்தவர்கள். கட்டின் ஓரத்தில் சாயம் கசிந்து நிற்பதும் ஒரு துணி இன்னொரு துணி மாதிரி இல்லாமல் இருப்பதும் அவர்களுக்குக் குறையாகத் தெரிந்ததில்லை. கையால் செய்த வேலை என்பதற்கு அதுதான் சாட்சி. அந்தக் கண்ணோடு பார்த்தவர்களுக்கு டச்சுத் துணியின் நீலக் கோடு பிழையாகப் பட்டிருக்க வாய்ப்பே இல்லை.

ஆப்பிரிக்கர்களின் கண்ணுக்கு ஐரோப்பிய வணிகம் பணிந்தது அதுதான் முதல் தடவை என்றும் இல்லை. அதற்கு முன்பே இன்னொரு நீலத் துணி இருந்தது. அதில் தமிழ்நாட்டுப் பக்கத்து நெசவாளர்கள், சாயக்காரர்களின் உழைப்பு இருந்தது. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியிலிருந்து ‘கினே’ என்ற அவுரி நீலப் பருத்தித் துணியை செனெகல் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அந்தத் துணி உடுத்துவதற்கு மட்டுமல்ல, பணமாகவும் புழங்கியது. ஆற்றின் வடகரையிலிருந்து வந்த மூர் வணிகர்கள் கருவேலம்பிசினைக் கொடுத்து நீலத் துணியை வாங்கினார்கள். பிசினின் விலையே இத்தனை ‘பீஸ்’ துணி என்றுதான் பேசப்பட்டது. பிரான்சின் ரூவான் நகர ஆலைகள் இதைப்போலவே துணி செய்து அனுப்பிப் பார்த்தன. தொட்டுப் பார்த்தும் முகர்ந்து பார்த்தும் மூர்கள் புதுச்சேரித் துணியைத் தனியாக அடையாளம் கண்டு, போலியை ஒதுக்கிவிட்டார்கள்.

அந்தக் கருவேலம்பிசின் ஐரோப்பாவில் எதற்குப் போனது என்பது இதைவிட வியப்பானது. துணியில் அச்சிடும் சாயக் குழம்பு பரவாமல் போட்ட இடத்தில் நிற்க, அதைக் கெட்டியாக்கும் பொருள் வேண்டும். அதற்குத்தான் அந்தப் பிசின். புதுச்சேரியில் சாயமேற்றிய துணியைக் கொடுத்து வாங்கிய பிசின், ஐரோப்பிய ஆலைகளில் அச்சுத் துணி செய்ய உதவியது. அந்த அச்சுத் துணிகள் இந்தியச் சந்தையிலும் வந்து குவிந்தன.

சரி, அசல் வாக்ஸ் ஆலையில் எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். வெளுத்த பருத்தித் துணி இரண்டு செம்பு உருளைகளுக்கு நடுவே ஓடுகிறது. இரண்டிலும் ஒரே டிசைன் செதுக்கப்பட்டிருக்கும். ஒன்று மற்றொன்றின் கண்ணாடி பிம்பம். சூடான பிசின் இரு பக்கமும் நேருக்கு நேர் பதிகிறது. ஆறியதும் துணி மொரமொரப்பாகிவிடும். இதற்கப்புறம் வரும் படி முக்கியம்: துணியைக் கயிறுபோல் திரட்டி, நெருக்கி இழுத்து, வேண்டுமென்றே பிசினை உடைக்கிறார்கள். ஒரு காலத்தில் தவிர்க்க முடியாமல் நேர்ந்தது இப்போது தயாரிப்பின் ஒரு படி. பிறகு நீலத் தொட்டி. முக்கி எடுத்து, காற்றாட விட்டு, மறுபடி முக்குவார்கள்.

நீலம் ஏறியபின் பிசினைக் கழுவுவதிலும் ஒரு தந்திரம் இருக்கிறது. சில துணிகளில் முழுதாகக் கழுவாமல் பொட்டுப் பொட்டாகக் கொஞ்சம் விட்டுவைப்பார்கள். அடுத்த நிறம் போடும்போது அந்தப் பொட்டுகள் நிறத்தைத் தடுத்து வெள்ளைப் புள்ளிகளாக நிற்கும். குமிழி விட்டதுபோன்ற இந்தப் புள்ளிகளும் அசலின் அடையாளம். சிவப்பு, மஞ்சள் போன்ற மற்ற நிறங்களை முன்பெல்லாம் மரக்கட்டையால் கையாலேயே அச்சிட்டார்கள். நனைந்து காய்ந்து, இழுபட்டு வந்த துணி அளவில் கொஞ்சம் மாறியிருக்கும். கட்டை சரியாகக் கோட்டுக்குள் உட்காராது. இலையின் சிவப்பு இலையைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே நிற்கும். வாங்குபவர்களுக்கு இதுவும் பிடித்துப்போனது. துல்லியமான இயந்திரங்கள் வந்தபின்னும் ஆலைகள் இந்தப் பிசகை முற்றிலும் துடைத்துவிடவில்லை. எடுத்த பிசினைச் சேகரித்து, காய்ச்சி, மறுபடி பயன்படுத்துகிறார்கள்.

வாங்குபவர்கள் ஆலையை ஆட்டுவித்தார்கள் என்பதால் காலனி ஆட்சி ஏதோ நல்லது செய்துவிட்டது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எது அழகு என்று ஆப்பிரிக்கப் பெண்கள் முடிவு செய்தார்கள். லாபம் எங்கே போக வேண்டும் என்பதைக் கப்பலும் துப்பாக்கியும் முடிவு செய்தன. உள்ளூரில் நூற்று நெய்தவர்கள் ஆலைத் துணியின் விலையோடு போட்டி போட வேண்டியிருந்தது. உடை என்றால் என்ன என்பதிலும் ஆட்சியும் மதமும் கை வைத்தன. கோல்டு கோஸ்டில், அதாவது இன்றைய கானாவில், 1828-இல் கால் வைத்த பாசல் மிஷன் என்ற சுவிஸ் கிறிஸ்தவ அமைப்புக்கு உடம்பை மூடுவது மனமாற்றத்தின் அடையாளம். 1859-இல் தொடங்கிய அதன் வணிக நிறுவனமோ துணியும் விற்றது. போதிப்பவரும் விற்பவரும் ஒரே வீட்டார். இடுப்பில் சுற்றும் துணியோடு தைத்த மேல்சட்டையும் சேர்ந்து உருவான ‘காபா’ இன்று கானாப் பெண்களின் மரபுடை. அதன் சட்டை ஐரோப்பிய வெட்டு, சுற்றும் துணி பழைய ஆப்பிரிக்க வழக்கம், தோளிலோ இடுப்பிலோ போடும் மூன்றாவது துணி அணிபவரின் அந்தஸ்தையும் வயதையும் பேசும். தெற்கே நமீபியாவில் ஹெரேரோப் பெண்களும் ஜெர்மானிய மிஷனரிக் குடும்பப் பெண்களின் நீண்ட பாவாடையை எடுத்து, மாட்டுக் கொம்பு வடிவத் தலைப்பாகையைச் சேர்த்துத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். 1904 முதல் 1908 வரை ஜெர்மன் படை அவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. தப்பியவர்களின் வாரிசுகள் இறந்தவர்களை நினைவுகூரும் நாளில் அந்த உடையைத்தான் அணிகிறார்கள்.

வேதியியலே அரசியலாகிய இடமும் உண்டு. ஐரோப்பியத் துணியும் ரசாயனமும் வந்தபோது அபெயோகுட்டா நகரத்து யொரூபாச் சாயக்காரப் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. வழவழப்பான ஆலைத் துணியை வாங்கினார்கள். அதன்மேல் மரவள்ளி மாவுக் கூழை மெழுகுக்குப் பதிலாக வைத்து வரைந்தார்கள். தகரத் தகடுகளில் வடிவம் வெட்டிய அச்சுகளும் புழக்கத்துக்கு வந்தன. மரச் சாம்பலை வடிகட்டிக் காரநீர் எடுக்கும் நெடிய வேலைக்குப் பதிலாக காஸ்டிக் சோடாவுக்கு மாறினார்கள். சாம்பல் நீரின் வீரியம் நாளுக்கு நாள் மாறும். காஸ்டிக் சோடாவை அளந்து போடலாம், வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் அளவு மிஞ்சினால் தொட்டி கெடும், கையும் வெந்துபோகும். 1930-களில் துணியின் தரம் குறைகிறது என்ற புகார் எழுந்து, காஸ்டிக் சோடாவையும் செயற்கைச் சாயத்தையும் உள்ளூர் ஆட்சி தடைசெய்தது. பெண்கள் சும்மா இருக்கவில்லை; கூட்டமாகத் திரண்டு எதிர்த்தார்கள். தொட்டிக்குள் என்ன போடுவது என்பது அவர்கள் பிழைப்பின் கேள்வி.

வாக்ஸ் விற்பனையும் பெரும்பாலும் பெண்கள் கையில்தான் இருந்தது. ஆலை ஒரு டிசைனுக்கு எண் மட்டுமே தரும். பெயர் வைப்பது சந்தை. குருவிகள் பறக்கும் ஒரு டிசைனை கானாவில் ‘பணத்துக்குச் சிறகு உண்டு’ என்பார்கள். இன்னொன்று ‘நல்ல பாசிமணி சத்தம் போடாது’. பிரெஞ்சு பேசும் நாடுகளில் கூண்டும் பறவையும் உள்ள டிசைன், கணவனைப் பார்த்து மனைவி சொல்வதுபோல ‘நீ வெளியே போனால் நானும் போவேன்’ என்று நிற்கிறது. நல்ல பெயர் அமைந்த துணி வேகமாக விற்கும். டோகோவின் லோமே நகர வியாபாரிகள் இதில் உச்சத்துக்கே போனார்கள். குறிப்பிட்ட டிசைன்களை மொத்தமாக விற்கும் தனி உரிமையை டச்சு ஆலையிடமிருந்து பெற்று, அக்கம்பக்கத்து நாடுகளுக்கெல்லாம் விற்றார்கள். சம்பாதித்த பணத்தில் அவர்கள் வாங்கிய காரை வைத்து ஊர் அவர்களுக்கு ‘நானா பென்ஸ்’ என்று பெயர் கொடுத்தது.

1994 ஜனவரியில், டோகோவிலும் பிரெஞ்சு பேசும் அக்கம்பக்கத்து நாடுகளிலும் புழங்கும் பிராங்க் சிஎஃப்ஏ நாணயத்தின் மதிப்பு ஒரே நாளில் பாதியாகக் குறைக்கப்பட்டது. ஐரோப்பாவிலிருந்து வரும் துணியின் விலை அந்த நாணயத்தில் இரட்டிப்பானது. வாங்கும் கை சுருங்கியபோது சீன ஆலைகளின் மலிவான துணி உள்ளே வந்தது. டச்சு ஆலை புதிய டிசைனை வெளியிட்டுக் கொஞ்ச நாளிலேயே அதன் நகல் லோமேயில் கிடைக்கத் தொடங்கியது.

மலிவான நகல்கள் பெரும்பாலும் விரிசலைப் படம்பிடித்து, அந்தப் படத்தையே அச்சிடுகின்றன. உருளை ஒரு சுற்று முடித்து மறு சுற்று வரும்போது அதே கோடு அதே வளைவோடு மறுபடி வந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் அச்சிடுவதால் பின்பக்கம் வெளிறியிருக்கும். மக்கோலாவில் துணியைத் திருப்பிப் பார்க்கும் பெண் தேடுவது இதைத்தான். உண்மையான விரிசல் பிசின் அந்த இடத்தில் அந்த நொடியில் எப்படி உடைந்தது என்பதைப் பொறுத்தது. அதை மறுபடி செய்ய எந்த ஆலையாலும் முடியாது.

வாக்ஸைத் தங்கள் துணியாக ஏற்க மறுத்தவர்களும் ஆப்பிரிக்காவில் உண்டு. அவர்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது. பர்க்கினா ஃபாஸோவின் தலைவராக இருந்த தாமஸ் சங்காரா, உள்ளூர்ப் பருத்தியில் கைத்தறியில் நெய்த ‘ஃபாஸோ டான் ஃபானி’யை அரசு ஊழியர்கள் அணிய வேண்டும் என்று ஆணையிட்டார். 1987-இல் அடிஸ் அபாபாவில் ஆப்பிரிக்கத் தலைவர்கள் முன் அதை உடுத்திக்கொண்டு நின்று, என் உடையில் ஒரு நூல்கூட ஐரோப்பாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்ததில்லை என்றார். அழகு யாருடையது என்பதைவிட, பருத்தியை நூற்கும் வேலையும் நெய்யும் வேலையும் யாருக்குக் கிடைக்கிறது என்பதையே அவர் கேட்டார். அதே வருடம் அக்டோபரில் அவர் கொல்லப்பட்டார். அவர் எழுப்பிய கேள்விக்கு கானாவிலும் ஐவரி கோஸ்டிலும் இருக்கும் வாக்ஸ் ஆலைகள் பாதிப் பதில்தான். அச்சு அங்கே நடக்கிறது, வேலையும் அங்கே கிடைக்கிறது. பருத்தியின் கதை வேறு. பெனின், மாலி, பர்க்கினா ஃபாஸோ மூன்றும் ஆப்பிரிக்காவின் முன்னணிப் பருத்தி நாடுகள். விளைச்சலின் பெரும்பகுதி பஞ்சுப் பேல்களாகவே ஆசியாவுக்குக் கப்பலேறுகிறது. அச்சிட்ட துணி ஆசியாவிலிருந்து அதே கடற்கரைத் துறைமுகங்களில் வந்து இறங்குகிறது.